தண்ணீர் தங்காத மண்

மண்வெட்டி மறுபடியும் வேரில் மாட்டிக்கொண்டது. தையல்காரர் அதை அப்படியே விட்டுவிட்டு, சட்டையைக் கழற்றித் துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டார். வாழ்நாளெல்லாம் ஊசியும் கத்தரியும் பிடித்த கை. உள்ளங்கையில் அதற்குள் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது.

மனைவியின் அக்கா பால் டம்ளரோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். தங்கைக்கு முடியாமல் போனதிலிருந்து இங்கேயேதான் இருக்கிறாள்.

“என்ன தம்பி பண்றீங்க?”

“குழி தோண்டுறேன்க்கா.”

“அது தெரியுது. எதுக்கு?”

“அவ கேட்டா.”

அக்கா படியிறங்கி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். “உள்ள ஒருத்தி உயிரோட படுத்திருக்கா. பின்னாடி நீங்க குழி வெட்டிக்கிட்டு இருக்கீங்க. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க? அவங்க நாக்குல நரம்பா இருக்கு?”

“சொல்லட்டும்.”

“அவதான் நினைவு தப்பி ஏதோ கேக்குறான்னா நீங்களுமா?”

“நினைவெல்லாம் தப்பலக்கா. நல்லா யோசிச்சுத்தான் கேட்டா.”

அக்கா குழியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, ஆறிப்போன பாலோடு உள்ளே போய்விட்டாள்.

அன்று காலை முகம் துடைத்துவிட்டபோது மனைவி கேட்டிருந்தாள். “டெய்லரே, இப்பவாவது தோண்டலாமா?” அவளுக்கு அவர் எப்போதும் டெய்லர்தான். எதைத் தோண்டுவது என்று அவர் கேட்கவில்லை. தெரியும்.

அவள் வனத்துறையில் மண் ஆய்வாளராக இருந்தவள். காட்டுக்குள் ஜீப் ஓட்டியவர்கள் வைத்த பெயர் மண்ணம்மா. எங்கே போனாலும் ஆளுயரக் குழி ஒன்றை வெட்டச் சொல்லி, அதற்குள் இறங்கி நின்று, சுவர் போல் தெரியும் மண்ணைக் கத்தியால் சுரண்டிப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, அவர்கள் அஸ்திவாரத்துக்கு வெட்டியிருந்த பள்ளத்தில் பட்டுப்புடவையோடு இறங்கியவள். ஓடையை ஒட்டிய இந்த வீட்டை வாங்கும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “உலகம் பூரா தோண்டு. இந்த வீட்டுல மட்டும் ஒரு குழியும் வேண்டாம். நான் துணி காயப் போடணும்.” சிரித்துக்கொண்டே சரியென்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பெண் பிறந்து வளர்ந்து, மருந்துக்கடை வேலைக்காக வெளியூர் போய், இவளும் ஓய்வு பெற்று, வயிற்றில் கட்டி வந்து, மருத்துவமனையில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்வரை, காப்பாற்றினாள்.

வீட்டுக்குப் பின்னால் நிலம் படிப்படியாக ஓடைக்கு இறங்கியது. வருஷா வருஷம் வெள்ளம் ஏறும் படி ஒன்று. புல் மண்டிய படி ஒன்று. அதற்கும் மேலே, காட்டு மரங்கள் நிற்கும் உயரமான படியில் இவர்கள் வீடு. “எல்லாம் ஓடை உட்கார்ந்துட்டு எழுந்து போன இடம்” என்பாள். “ஒரு காலத்துல இங்கதான் ஓடிச்சு. அப்புறம் பள்ளம் பறிச்சுக்கிட்டுக் கீழ போயிடுச்சு.”

வேரைக் கைக்கோடரியால் வெட்டியபின் வேலை சுலபமானது. மேலே மக்கிய இலை. அதன் அடியில் கறுத்த, மெத்தென்ற மண். அவள் சொல்லியிருந்தபடி மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை இன்னொரு பக்கமும் கொட்டினார். முழங்கால் ஆழம் வந்ததும் ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பின்பக்க ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனால் அவர் வரும் வாசம் தெரிந்து கையை நீட்டினாள். அவர் ஸ்பூனால் தண்ணீர் சொட்டவிட, மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லப் பிசைந்தாள். பால் குடிக்க டம்ளர் பிடிக்க முடியாத விரல்கள் அவை.

“மணலு. கொஞ்சமா களி. வண்டலும் இருக்கு” என்றாள். “நல்ல பிள்ளை இந்த மண்ணு. நிறம் என்ன?”

“மேல காபித்தூள் கலரு. அதுக்குக் கீழ…” அவர் யோசித்தார். “பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குத் தைப்பேனே, காக்கி. அதைவிட ஒரு சாயம் கூட. தேன் கலந்த மாதிரி.”

“சாம்பல் நிறத்துல திட்டு இருக்கா? துரு புடிச்ச மாதிரி புள்ளி?”

“இல்ல.”

“வெளிச்சத்துல வச்சுப் பாருங்க.”

ஜன்னல் ஓரம் கொண்டுபோய், கறை தேடித் துணியைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இல்லம்மா. ஒரே நிறம்.”

“தண்ணி தேங்குற மண்ணுன்னா மூச்சு முட்டிச் சாம்பலாயிடும். இது மூச்சு விடுது.” அவளுக்கே மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அக்கா கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து, போர்வையில் விழுந்த மண்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கீழ போங்க” என்றாள் மனைவி. “கல்லு வரும். உருண்டைக் கல்லு. ஓடை உருட்டினது.”

“வரலைன்னா?”

“டெய்லருக்கு அளவு தப்பலாம். எனக்குத் தப்பாது.”

அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். இடுப்பளவு ஆழம் போனது. அதற்கும் கீழே போனது. வேர்கள் நூல் நூலாக அவ்வளவு ஆழத்துக்கும் இறங்கியிருந்தன. மண் உதிர்ந்து வந்தது, கையில் ஒட்டவில்லை. தலைக்குமேல் மரங்களில் காற்று அசைந்தது. இத்தனை வருஷம் இவள் இதற்குள் நின்று என்னதான் பார்க்கிறாள் என்று அவர் நினைத்ததுண்டு. குளிர்ச்சியாக இருந்தது. சத்தமில்லாமல் இருந்தது. இன்னும் கொஞ்சம் நிற்கலாம் போலிருந்தது.

மண்வெட்டி ‘ணங்’ என்று எதிலோ மோதியது.

குனிந்து கையால் துழாவினார். வழுவழுப்பான கல், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று, முட்டை அடுக்கியதுபோல இருந்தன. ஒன்றைப் பெயர்த்தெடுத்து பனியனில் துடைத்தார். குழியிலிருந்து ஏறுவது சிரமமாக இருந்தது, வயிற்றால் ஊர்ந்து ஒருவழியாக மேலே வந்து நிமிர்ந்தபோது, சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

அவர் கல்லை உயர்த்திக் காட்டினார்.

“தம்பி” என்றாள் அக்கா. “கையைக் கழுவிட்டு வாங்க.”

அவர் நின்றார். பிறகு குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். கொப்புளம் உடைந்து எரிந்தது. விரலிடுக்குகளைத் தேய்த்து, முழங்கைவரை தேய்த்து, குழாயை மூடிவிட்டு, மறுபடி திறந்து கழுவினார்.

அதற்குப் பிறகு அந்த வீடு நிறைந்தது. பக்கத்து வீட்டு நாற்காலிகள் வந்தன. செருப்புகள் வாசலில் குவிந்தன. அக்கா உடலைத் துடைத்து உடை மாற்றும்போது கதவை லேசாகத் திறந்து அவரைக் கூப்பிட்டாள்.

“அவ நகத்துக்குள்ள மண்ணு இருக்கு. எவ்வளவு தேய்ச்சும் போகல.”

“இருக்கட்டும்க்கா.”

அக்கா தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பெண் வெயில் சாயும்போது வந்து சேர்ந்தாள். பேருந்தில் அழுது முடித்துவிட்ட முகம். அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

“அப்பா, அது என்ன பள்ளம்?”

வந்திருந்த பெண்களில் ஒருத்தி, “அதத்தான் நாங்களும்…” என்று ஆரம்பித்தாள்.

“உங்கம்மா கேட்டா, அப்பா தோண்டினாரு” என்றாள் அக்கா, அந்தப் பெண்ணைப் பார்க்காமலே. “இந்த வீட்டு மண்ணைப் பாக்கணும்னு ஆசைப்பட்டா. தோண்டுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தா. ‘ணங்’குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. ‘கல்லு வந்துடுச்சுக்கா, சொன்னேன்ல’ன்னா. அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணும் பேசல.”

தையல்காரர் அப்போதுதான் இதைக் கேட்டார். எழுந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போவதுபோல் சமையலறைக்குள் போனார்.

மறுநாள் காலை இடுகாட்டுக்கு அவரும் பெண்ணும் முன்னதாகவே போனார்கள். அது ஓடை வளைகிற இடத்தில், தாழ்ந்த பகுதியில் இருந்தது. குழி வெட்டுபவர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வெட்டி முடித்த குழியின் ஓரத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

தையல்காரர் குனிந்து பார்த்தார். குழியின் சுவர் ஒரு முழத்துக்குக் கீழே சாம்பல் நிறம். அதில் அங்கங்கே துருப்பிடித்த புள்ளிகள், இரும்புப் பொத்தான் பட்டுக் கறைபட்ட துணிபோல. அடியில் தண்ணீர் ஊறி, வானம் தெரிந்தது.

“தண்ணி நிக்குதே” என்றார்.

“மழைக்காலம்ல. எல்லாக் குழியும் இப்படித்தான். வாளி வச்சு இறைச்சுடலாம். நீங்க எறக்குற நேரத்துக்கு தெரியாது.”

“வேற எடம் இல்லையா?”

“அந்த மேட்டுல இருக்கு.” குழி வெட்டுபவர் பீடியால் காட்டினார். சுவரோரம் மரங்கள் அடர்ந்த ஒரு மேடு. “யாரும் கேக்கமாட்டாங்க. பூரா வேரு. வெட்டினா முதுகு போயிடும். ஒரு ஆளால இனிமே ஆகாது சார், மணி ஆயிடுச்சு.”

தையல்காரர் அந்த மேட்டைப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

“அப்பா” என்றாள் பெண்.

“அங்க வீட்டுல காத்திருப்பாங்க. பெரியம்மாகிட்டச் சொல்லு.”

அவள் போன் எடுத்தாள். “பெரியம்மா, கொஞ்சம் நேரமாகும்… இல்ல, ஒண்ணும் ஆகல. அப்பா வேற எடத்துல தோண்டப் போறாரு… ஆமா, அவரேதான்… இங்க தண்ணி நிக்குது.” அக்காவின் குரல் போனைத் தாண்டி அவருக்கும் கேட்டது. “சரி. அவசரப்படாம தோண்டச் சொல்லு. வந்தவங்களுக்கு நான் டீ போட்டுக் குடுத்து உக்கார வைக்கிறேன். முணுமுணுக்கிறவங்களுக்கு சர்க்கரை கிடையாது.”

பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் வேறொன்றாக மாறியது.

அவரும் குழி வெட்டுபவரும் முறை வைத்து வெட்டினார்கள். வேர்களைக் கோடரியால் அறுத்தபின், குழி வெட்டுபவரே, “மண்ணு பூ மாதிரி உதிருதே” என்றார். பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணைக் கூடையில் அள்ளி வெளியே தள்ளினாள். ஒருமுறை நிறுத்தி, உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துப் பார்த்தாள்.

“இது என்ன மண்ணுப்பா?”

அவர் அதை வாங்கி, நாக்கு நுனியால் விரலை ஈரமாக்கி, தேய்த்தார். மணல். கொஞ்சமாகக் களி. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

“நல்ல மண்ணு” என்றார்.

உடலைக் கொண்டுவந்து இறக்கியபோது குழியின் அடி உலர்ந்திருந்தது. முதல் பிடி மண் போட அவர் குனிந்தார். எழுந்திருக்கும்போது பெண் கையைக் கொடுத்தாள். எல்லோரும் மண் போட்டார்கள். அக்கா போட்டுவிட்டுக் கையைத் தட்டாமல் அப்படியே மடக்கிக்கொண்டு நின்றாள். கூட்டம் மெல்லக் கலைந்து, வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்டது.

வெளிவாசலுக்குப் போகும் வழியில்தான் அந்த முதல் குழி இருந்தது. குழி வெட்டுபவர் அதை மூடுவதற்காக மண்வெட்டியை ஓங்கினார்.

“ஒரு நிமிஷம்” என்றார் தையல்காரர்.

தண்ணீர் இப்போது கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அதில் ஒரு தவளை, எப்படியோ விழுந்திருக்க வேண்டும், சாம்பல் சுவரில் முன்கால்களை வைத்து ஏறப் பார்த்து வழுக்கிக்கொண்டிருந்தது. அவர் புல்லில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே நீட்டினார். எட்டவில்லை. பெண் அவருடைய கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டாள். அவர் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கி, தண்ணீருக்கடியில் உள்ளங்கையை விரித்து வைத்து, அது தானாக ஏறி உட்காரும்வரை அசையாமல் இருந்தார்.