காய்ச்சல் விட்ட பிறகு

அந்தத் தெருவில் அவளுக்குக் 'கம்ப்யூட்டர்' என்று பெயர். மருந்துச் சீட்டை நீட்டுவதற்கு முன்பே யாருக்கு எந்த மாத்திரை என்று எடுத்து வைத்துவிடுவாள். கணவனின் தம்பியோடு சேர்ந்து அந்த மருந்துக்கடையை நடத்தி வந்தாள். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாட்களிலும் அவள் கடையைச் சாத்தவில்லை. கொரோனா அங்கேதான் அவளைப் பிடித்தது.

காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது. வேறு ஏதோ ஒன்று விடாமல் உள்ளேயே தங்கிவிட்டது.

முதலில் சொற்கள் தப்பிப்போயின. "அந்த... அதான், வெட்டுவோமே" என்று கத்தரிக்கோலுக்குக் கையை ஆட்டுவாள். பால் பொங்கி அடுப்பில் வழியும். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். படுத்தால் தூக்கம் வராது. எழுந்தால் உடம்பு இரும்பாய்க் கனக்கும்.

"எல்லாருக்கும்தான் வந்துச்சு, போச்சு. நீதான் அதையே புடிச்சுத் தொங்கிட்டிருக்கே" என்றான் கணவன். ஏசி மெக்கானிக். அவனும் ரெண்டு நாள் இருமிவிட்டு ஏணி ஏறப் போய்விட்டவன்தான்.

கொழுந்தன் சிரித்தான். "என்ன அண்ணி, கம்ப்யூட்டருக்கே வைரஸா?"

அவளும் சிரித்தாள். பிறகு உள்ளறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமலே அழுதாள்.

எதிர்க்கடைத் தையல்காரர் ஒருநாள் தன் மனைவியின் பிரஷர் மாத்திரைக்கு வந்தார். அவள் பக்கத்துத் தட்டிலிருந்த சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் அந்த அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

தையல்காரர் அந்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை.

"இது எங்களோடது இல்லம்மா. நீங்க குடுத்தா நாங்க பாக்கறதே இல்ல. அதுதான் வினையாப் போச்சு."

அந்த மாத்திரையைக் கொடுத்ததே அவளுக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது.

அதன்பின் கடைக்குப் போகவில்லை. தலை வாருவதில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். ஒரு சாயங்காலம் கணவன் வந்ததும் கடைச் சாவியை நீட்டினாள்.

"இதை உங்க தம்பிகிட்டக் குடுத்துடுங்க. என் கையில இருக்க வேணாம்."

"நீதான் கடைக்கே போறதில்லையே. இருந்துட்டுப் போகட்டும்."

"அங்க எந்த மருந்து என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். அது மட்டும் மறக்கல." அவள் குரல் அடங்கியது. "என்னை நெனச்சா எனக்கே பயமா இருக்குங்க."

கருவிப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அவன் நின்றான். அவள் சொன்னது மெல்லத்தான் புரிந்தது. சாவியை வாங்கிக்கொண்டு அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்றிரவு முழுக்க அவளைத் தனியே விடவில்லை. விடிந்ததும் வேலையைப் போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போனான். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள்.

"ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலைன்னா ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம் இல்ல" என்றார் டாக்டர். "இந்தத் தொற்று சிலருக்கு மூளையையும் மனசையும் சேர்த்தே உலுக்கிட்டுப் போயிடுது. இவங்க சோம்பேறியும் இல்ல, நடிக்கவும் இல்ல. மருந்து தரேன், மனசு விட்டுப் பேசறதுக்கு இங்க ஆளும் இருக்காங்க."

"எப்ப சரியாகும்?" என்றான் கணவன்.

"கொறையும். முழுசா எப்பன்னு கேட்டா, எனக்குத் தெரியாது."

மருந்தில் தூக்கம் கொஞ்சம் வந்தது. அந்தப் பயமும் எட்ட நின்றது. ஆனால் நான்கு வரி படிப்பதற்குள் முதல் வரி நழுவியது. கடையில் அவள் இடத்துக்குக் கொழுந்தன் வேறு ஆளைப் போட்டான். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டான். அவளும் தலையாட்டினாள்.

ஒரு மதியம் தையல்காரரின் மனைவி வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தவள் ஓரடி பின்வாங்கினாள்.

"திட்ட வரலம்மா" என்றார் அவர். "எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்துச்சு. அதுலேர்ந்து சும்மா இருக்கறப்பவே நெஞ்சு படபடங்குது, அழுகையா வருது. வீட்ல சொன்னா வேலை செய்யாம இருக்கச் சாக்குங்கறாங்க. உங்களுக்காவது புரியும்னு வந்தேன்."

அவள் நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு அவரை உட்கார வைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிலிருந்து தொடங்குவது என்று பிடிபடவில்லை.

வந்தவர் அவசரப்படுத்தவில்லை.