மடக்குக் கதிரை

பிரணவன் கோப்பி வைத்தான். இரண்டு கோப்பைகளைக் கழுவினான். ஒன்றை மறுபடி கவிழ்த்து வைத்தான். சவரம் செய்தான். கதவுக்குப் பின்னால் நின்ற மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் பஸ் ஏறினான். மனைவியை அடக்கம் செய்யப் போகிறவன் என்று சாரதிக்குத் தெரியாது.

அஞ்சலி மண்டபத்தில் அம்மா அவன் கையைப் பிடித்தாள்.

"பேர் சொல்லாமல் எப்பிடியடா அழுறது?"

"ராசாத்தி எண்டு அழுங்கோ அம்மா. செத்தவையின்ரை பேரை அவவின்ரை ஆக்கள் சொல்லுறேல்லை."

பெட்டியருகே எமிலி நின்றாள். இறந்தவளின் அக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து முதல் நாள்தான் வந்திருந்தாள். அவர்கள் அந்த மண்ணின் ஆதிக்குடிகள். அவர்களுடைய பூட்டனின் மண்டையோடு இந்த ஊர் ஆய்வுக்கூடம் ஒன்றில், ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதைக் கேட்டுத்தான் தங்கை பலெர்மோவுக்கு வந்தாள். இங்கேதான் அவனைக் கட்டினாள்.

திருப்பித் தருகிறோம் என்றார் இயக்குநர் மாட்டியா. எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார். உண்மை முதலில், உடன்படிக்கை பிறகு என்றாள் அவள். கூட்டங்களில் அவளைச் சுவரோரம் இருத்தினார்கள்.

பாராளுமன்றத்திடம் பேச அவளுடைய மக்கள் ஒரு சபை கேட்டபோது ஆஸ்திரேலியா வேண்டாமென்று வாக்களித்தது. மறுநாள் பல்லரோ சந்தையில் இந்தக் கதிரையை வாங்கினாள். "இடம் தரமாட்டினம். நாங்கள்தான் கொண்டுபோகவேணும்." அடுத்த கூட்டத்தில் அதை மேசையடியில் விரித்து இருந்தாள்.

மாட்டியா பூக்களோடு வந்தார். ஒலிவாங்கியை எடுத்து அவள் பெயரைச் சொன்னார். எமிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவ எங்கடை குரல்," என்றார். "ஆய்வுக்கூடத்திலை ஒரு அறைக்கு அவவின்ரை பேரை வைக்கப்போறம். குடும்பம் இண்டைக்கே உடன்படிக்கையிலை கையெழுத்து வைச்சால்..."

பிரணவன் கதிரையைப் பெட்டியருகே விரித்தான்.

"இருங்கோ, professore."

அவர் இருந்தார். கதிரை கிறீச்சிட்டது.

"அந்தத் தலை தந்ததோ, தோண்டினதோ?"

"அந்தக் காலத்திலை சேகரிச்சவை..."

"தந்ததோ, தோண்டினதோ?"

அம்மா அழுகையை நிறுத்தினாள். "என்னடா சொல்லுறான்?"

"சேகரிச்சதாம்."

"கத்தரிக்காயோ?"

யாரோ கைபேசியை உயர்த்திப் பிடித்தார்கள்.

"தோண்டினது," என்றார் மாட்டியா.

"ஆரைக் கேட்டு?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

"பின்னாலை நிக்கிறவைக்குக் கேக்கேல்லை. இன்னொருக்கா."

சொன்னார். இன்னொருக்கா என்றான் பிரணவன். மூன்றாம் முறை அவர் குரல் உடைந்தது. மனம் ஆறும் என்று நினைத்திருந்தான். ஆறவில்லை. நான்காம் முறையும் சொல்லவைத்தான்.

வாசலில் ஒரு நிருபர், அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். மண்ணைப் பற்றி ஏதாவது?

பிரணவன் கதிரையை மடக்கினான்.

அவள் இறந்த அன்று இருவரும் கூட்டத்துக்குப் புறப்பட்டிருந்தார்கள். பஸ் தரிப்பிடத்தில் அவள் தலைக்குள் நரம்பு வெடித்தது. அதற்குப் பிறகு பேச்சில்லை. அதற்கு முன், சப்பாத்தைக் கட்டிக்கொண்டே, படியிலிருந்து கேட்டிருந்தாள்:

"கதிரையை எடுத்தனீரோ?"