திருப்பி வைத்த முகம்

அப்பாவின் தோளில் இருந்த அண்ணனின் கையை அவள் முதலில் அழித்தாள். விரல் விரலாக அழித்தாள். கை போன இடத்தில் ஓட்டை விழுந்தது. பக்கத்திலிருந்த சட்டைத் துணியையே நகலெடுத்து அதை மூடினாள். படத்தைப் பெரிதாக்கி, தோள்பட்டைத் தையல் நேராக வந்திருக்கிறதா என்று பார்த்தாள். வந்திருந்தது. அண்ணன் அங்கே கை வைத்திருந்தான் என்பதற்கு இனி அத்தாட்சி கிடையாது.

அப்பா காலையில் இறந்திருந்தார். வீட்டில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மாலையில் எடுப்பதாக இருந்தது. அண்ணன் போனில் செய்தியைச் சொன்ன அதே மூச்சில் பேனரையும் சொன்னான்.

"அப்பா போயிட்டாரு. வாசல்ல கட்ட ஒரு பேனர் வேணும். நீயே போட்டுடு. வெளியில குடுத்தா மூஞ்சியில மாவு பூசி விட்டுடுவானுங்க. அச்சடிச்சு எடுத்துக்கிட்டு வந்துடு."

"நான் வரலாமாண்ணா?"

"பின்ன பேனரை யாரு கொண்டாருவா?"

அது பதிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் இருமிவிட்டு, "உன்னையும் சேர்த்துப் போடச் சொன்னாங்க அம்மா. எல்லாரும் ஒண்ணா நிக்கிற மாதிரி" என்றான்.

அதுதான் அவள் தொழிலே. அச்சகத்தின் முன்னறையில், கண்ணாடிக் கதவைப் பார்த்தாற்போல் அவளுடைய மேசை. வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளையைப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். குழந்தை பிறக்கும் முன்பே செத்துப்போன தாத்தாவின் மடியில் பேரனை உட்கார்த்தி வைப்பாள். ஒரு படத்தின் ஓரத்தை இன்னொன்றுக்குள் மெல்லக் கரைத்து, நடுவில் கொஞ்சம் மேகம், கொஞ்சம் வெளிச்சம் விட்டால் முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் அவள் கை பட்டால் பூசணிக்காய் இருந்த தடமே தெரியாது. ஊரில் இருக்கிற உறவையெல்லாம் ஒட்டவைத்தவளுக்குத் தன் வீட்டு உறவு மட்டும் ஒட்டவில்லை.

அப்பா பள்ளி வேன் ஓட்டியவர். வண்டியில் எத்தனை பிள்ளைகள் கூச்சல் போட்டாலும் கண்ணைப் பாதையிலிருந்து எடுக்கமாட்டார் என்று நல்ல பெயர். அவள் தனக்குப் பிடித்தவனோடு வீட்டை விட்டுப் போன பிறகு, அந்த நல்ல பெயர் அவருக்கு வசதியாகப் போயிற்று. பேருந்து நிறுத்தத்தில் அவள் நின்றால், வேன் அவள் எதிரே சிக்னலில் நின்றாலும், அவர் பாதையைத்தான் பார்ப்பார். பிடித்தவன் பிறகு அவளை விட்டுப் போனான். அதற்கப்புறமாவது திரும்புவார் என்று நினைத்தாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "எனக்கு ஒரே பிள்ளை" என்று யாரிடமோ சொன்னாராம். கேட்ட ஆளே வந்து அவளிடம் அதைச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. பேச வேண்டாம், வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம். ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தாள்.

அண்ணன் அனுப்பியது போன வருஷம் ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம். அப்பா நடுவில். இடப்பக்கம் அம்மா, அண்ணி, அண்ணி இடுப்பில் பிள்ளை. வலப்பக்கம் அண்ணன். படம் எடுத்தவர் நெருங்கி நில்லுங்கள் என்று சொல்லியிருப்பார். எல்லோரும் சொன்னபடி நெருங்கி நின்றிருந்தார்கள். ஒரு ஆள் நுழையக்கூட இடமில்லை. அம்மாவின் தோள் அப்பாவின் கைக்கு மேல் ஏறியிருந்தது. பிள்ளை அப்பாவின் விரலைப் பிடித்திருந்தான். அந்தப் பக்கம் கத்தி வைக்க முடியாது. அதனால்தான் அண்ணனைப் பெயர்த்து அம்மாவுக்குப் பின்னால் நிறுத்தினாள். காலியான வலப்பக்கத்தில் தன் படம் ஒன்றை வெட்டி வைத்தாள்.

கச்சிதமாகப் பொருந்தியது. உயரம் சரி, வெளிச்சம் சரி, நிழலும் சரி. அப்பாதான் சரியாக இல்லை. அவர் தலையைத் திருப்பிப் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் காதும் பிடரியும்தான் கிடைத்தன.

அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர் உள்ளறையிலிருந்து எட்டிப்பார்த்தார். எல்லோருக்கும் அவர் மிஷின் மாமா. எப்போதும் நக்கல் பேசுகிறவர் அன்று குரலை இறக்கியே பேசினார்.

"ரோலை மாட்டிட்டேம்மா. நீ அவசரப்படாத. வேணும்னா நீ கிளம்பு, இருக்கறத வச்சு நான் ஓட்டிடறேன்."

"இல்ல மாமா. முடிஞ்சிடுச்சு. கொஞ்சம்தான்."

"அப்பா நல்லா இருக்காரும்மா படத்துல."

"ம்."

அவர் போனதும் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். பின்னணியில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அண்ணா, அப்பா கடைசியில ஏதாச்சும் சொன்னாரா?"

"மூச்சே விட முடியல. என்னத்தச் சொல்லுவாரு?"

"அதுக்கு முன்னாடி? நேத்து, முந்தாநேத்து?"

"தண்ணி கேட்டாரு. ஃபேனைக் குறைக்கச் சொன்னாரு."

"என்னைப் பத்தி எதுவும்..."

அண்ணன் யாரிடமோ, "அதை அந்த ஓரமாப் போடுங்க" என்று கத்தினான். பிறகு அவளிடம், "பேனரை முடி. நேரமாகுது" என்றான். அழைப்பை மட்டும் துண்டிக்கவில்லை. அவன் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. நல்லவன்தான். பொய் சொல்ல வராது அவனுக்கு.

போனை வைத்துவிட்டு அப்பாவின் தலையை மட்டும் வெட்டி எடுத்தாள். காலருக்கு மேலே, கழுத்துச் சுருக்கத்தை ஒட்டி வெட்டினாள். பிறகு இடம் வலமாகத் திருப்பிப் போட்டாள். தலையைத் திருப்ப ஒரே ஒரு சொடுக்கு போதும். இத்தனை வருஷம் அவள் அழுதும் அம்மா மன்றாடியும் திரும்பாத தலை, ஒரு சொடுக்கில் திரும்பிவிட்டது.

அப்பா அவளைப் பார்த்தார்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பேரனுக்கென்று வந்த சிரிப்பு அது. பிள்ளையிடமிருந்து பிடுங்கியாயிற்று. பிடுங்கினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

திருப்பினால் எதெது மாறும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வகிடு இடம் மாறியிருந்தது. சரிசெய்தாள். மூக்கின் நிழல் தப்பான பக்கம் விழுந்தது. அழித்துவிட்டு எதிர்ப்பக்கம் வரைந்தாள். கழுத்தை உடம்போடு ஒட்டி, ஓரத்தைக் கரைத்தாள். வாடிக்கையாளர் முகத்தில் சுருக்கங்களைத் தேய்த்து எடுப்பது வழக்கம். அப்பாவுக்கு அதைச் செய்யவில்லை. திரை முழுக்க அவர் கன்னம் ஒன்றே நிறையும்வரை பெரிதாக்கினாள். சவரம் தவறிய நாலைந்து வெள்ளை மயிர்கள் தெரிந்தன. அவ்வளவு அருகில் அவரைப் பார்த்தது சின்ன வயதில் அவர் தூக்கி வைத்திருந்தபோதாக இருக்கும். பிறகு மூலையில் அவருடைய வேனை மங்கலாகக் கரைத்தாள். கீழே பெயரையும் தேதியையும் போட்டு, "ஓட்டுங்க மாமா" என்றாள்.

வாசலில் பேனரை ஏற்றிக் கட்டியபோது கூட்டம் தலைநிமிர்ந்து பார்த்தது. "உயிரோட நிக்கிற மாதிரியே இருக்காரே" என்றார் ஒருவர். அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவள், அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எப்படி எடுத்தீங்கடி இதை? மக மேல என்ன பார்வை பாரு! இவ்வளவு பாசத்தை வச்சுக்கிட்டா அந்த மனுஷன் வீம்பு புடிச்சாரு? உங்கிட்ட பேசிட்டாரா, சொல்லு?"

"ம். பேசினாரு அத்தை."

அத்தை அதை அடுத்தவளிடம் சொன்னாள். அவள் அதற்கடுத்தவளிடம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வாசல் முழுக்க அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள்.

உள்ளே போனாள். கூடத்தில் ஐஸ் பெட்டி இருந்தது. பக்கத்தில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. பெட்டியின் மறுபக்கம் மண்டியிட்டுக் குனிந்தாள்.

அப்பாவின் இடது கன்னத்தில், தாடையை ஒட்டி, மிளகளவு மச்சம் இருந்தது.

அவள் அதையே பார்த்தாள். பேனரில் அது வலது கன்னத்தில் இருந்தது. படம் போடும்போது வகிட்டைக் கவனித்தாள், நிழலைக் கவனித்தாள். மச்சத்தின் மேலேயே பிரஷை ஓட்டியிருக்கிறாள். அது இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது என்று அவள் கண்ணுக்குத் தோன்றவே இல்லை. பெற்ற மகள். யாரோ ஒரு வாடிக்கையாளரின் முகமாக இருந்தால் மூலப்படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டிருப்பாள். அப்பா முகம் தனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாள்.

அம்மா அவள் பக்கம் திரும்பாமலே, மெதுவாகப் பேசினாள்.

"பேனரைக் காட்டினாங்க. மச்சம் இடம் மாறியிருக்கு."

"தலையைத் திருப்பிப் போட்டேம்மா."

"எதுக்கு?"

"அப்பதாம்மா என்னைப் பாக்கறாரு."

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ ஆண்களைக் கூப்பிட்டார்கள். அதற்குள் பெட்டியின் கண்ணாடியில் முகத்துக்கு நேராகப் பனி படிந்து மறைத்துவிட்டிருந்தது. அம்மா எழுந்து முட்டிபோட்டு உள்ளங்கையால் அதைத் துடைத்தாள். மூடிய கண்கள் கொஞ்சம் தெரிந்தன. மறுபடி பனி மூடியது. இந்தப் பக்கத்திலிருந்து அவளும் துடைத்தாள்.