வீக்கம் அடங்கியதற்கான காரணம்

1

இந்தக் கதை லண்டன் டூட்டிங்கில் ஒரு மளிகைக்கடையில் என் காதில் விழுந்த பேச்சிலிருந்து வந்தது. நொச்சித் தூள் வாங்கிய பெரியவர் ஒருவர் கடைக்காரரிடம் சொன்னார்: "என்ரை தம்பியின்ரை மகள் லாபிலை கண்டுபிடிச்சிட்டாள். இனி டொக்டர் தந்த குளிசை வேண்டாம்."

அவ்வளவுதான் தெரியும். அவருக்குக் கிருஷ்ணராசா என்றும், தம்பியின் மகளுக்கு றொசாந்தி என்றும் பெயர் வைத்தேன்.

2

நொச்சியின் மணம் ஆய்வுக்கூடமெங்கும் பரவி

(அடித்துவிட்டேன். பிரித்தெடுத்த சேர்மம் மணமற்ற வெள்ளைத் தூள்.)

அந்தச் சேர்மத்தை றொசாந்தி நோயெதிர்ப்புச் செல்களில் சேர்த்தாள். பிறகு எவ்வளவு தூண்டியும் அவை அழற்சிப் புரதத்தைச் சுரக்கவில்லை. சந்தோஷம் தாளாமல், நொச்சி வீக்கத்தை அடக்குகிறது என்று பெரியப்பாவுக்குப் போன் செய்தாள். முடக்குவாதத்தில் விரல்கள் வீங்கிக் கிடந்த மனிதருக்கு அந்தப் போனே போதுமாயிருந்தது.

3

பக்கத்து மேசை அபிஷேக் சென்னைக்காரன். "செல்லெல்லாம் உயிரோட இருக்கான்னு பாத்தியா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லை. இப்ப பாக்கிறன்."

பெரும்பாலானவை செத்திருந்தன. செத்த செல் எதைச் சுரக்கும்?

(இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு நேரே ரயிலேறினாள்.)

4

கிருஷ்ணராசா நொச்சிக் கசாயத்தோடு உட்கார்ந்திருந்தார். விரல்கள் முன்பைவிட மோசம்.

"பெரியப்பா, குளிசையை நிப்பாட்டிட்டீங்களோ?"

"ஓம். நீதானே சொன்னனீ."

"நான் அவசரப்பட்டிட்டன். அது வீக்கத்தை அடக்கேல்லை, செல்லுகளைச் சாகடிச்சுப்போட்டுது."

"எனக்கு இப்ப நோவு குறைவம்மா."

"விரலை மடக்குங்கோ பாப்பம்."

முயன்றார். ஏலவில்லை. "குளிர்," என்றார்.

அவள் அலமாரியிலிருந்து குளிசையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"நீ படிச்சனீ எண்டுதான் முதல் சொன்னதை நம்பினனான். இப்ப மாத்திச் சொல்லுறாய். இதை மட்டும் ஏன் நம்ப வேணும்?"

5

ஒரு முடிவில் அவர் குளிசையை விழுங்கினார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் அவள் கோபித்துக்கொண்டு எழுந்து

(இல்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல.)

அவர் கேட்டது நியாயமான கேள்வி. சரிபார்த்ததால்தான் மாற்றிச் சொல்கிறேன் என்று அவள் பதிலாக எழுதினேன். அது ஆய்வுக்கூடத்துக்குப் போதும், அவருக்குப் போதாது. வேறு சிலவும் எழுதி அடித்தேன். வாசிக்கிற உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அவள் வாயில் வையுங்கள். குளிருக்குப் போட்டிருந்த மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.