நடு நாற்காலியில் ஒரு கைப்பை

"நமக்கு நடுவுல ஒரு நாற்காலி காலியா இருக்கட்டும்."

"எதுக்கு டீச்சர்? நான் என்ன கடிச்சா வைக்கப் போறேன்?"

"நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு தொத்திக்கும். அப்புறம் படம் நல்லா இருந்துச்சா, பக்கத்துல இருந்த ஆள் நல்லா சிரிச்சாரான்னு எப்படிப் பிரிச்சுச் சொல்றது?"

ஊர்ப் பட மன்றத்தில் திரையிடப் படம் தேர்ந்தெடுக்க முதன்முதலாக உட்கார்ந்த அன்று பாட்டு டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் பேசிக்கொண்டது இது. அன்றிலிருந்து நூலகத்தின் பின்னறையில் அந்த நடு நாற்காலியில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்து படம் பார்த்தது. மனிதர் ஒரு தடவைகூட விதியை மீறவில்லை. ஏன்தான் வாயைக் கொடுத்தோமோ என்று டீச்சர் நொந்துகொள்ளாத வாரம் கிடையாது.

இப்போது அவர் கடையை விற்றுவிட்டு, அக்கா இருக்கும் ஊருக்கே போய்விடப் போகிறார். "இங்கே இருன்னு சொல்ல எனக்கு யார் இருக்காங்க?" என்று கடையில் யாரிடமோ அவர் சொன்னதைக் கேட்டுவந்து டீச்சரின் அண்ணி ஒப்பித்தாள். கூடவே ஒரு குத்தல்: "நீ பையைக் காவல் காத்துக்கிட்டே இரு. அவர் வண்டி ஏறினதும் அந்தப் பையோடயே குடித்தனம் பண்ணு."

இன்று பார்ப்பதுதான் அவர் தேர்வுசெய்யும் கடைசிப் படம். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே எடுத்தது. பாட்டு, காதல், சிரிப்பு எல்லாம் கலந்த கறுப்பு வெள்ளை.

"ஊரே பத்தி எரியும்போது டூயட்டா? தேறாது டீச்சர்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் விளக்கை அணைத்தார்.

பஸ் கண்டக்டர் வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண். லீவில் வந்த சிப்பாய் ஒருவன் டிக்கெட் இல்லாமல் அவளிடம் மாட்டிக்கொள்கிறான். இறக்கிவிடுகிறாள், வெளியே கொட்டும் மழை, மனசு கேட்காமல் தன் குடையை நீட்டுகிறாள். அதைத் திருப்பித் தரும் சாக்கில்தான் மிச்சக் கதை முழுவதும். சித்தப்பா ஒருவர் வழுக்கி வழுக்கி விழுவது இழுவை. அணிவகுப்புப் பாட்டில் ஒரு சரணம் அதிகம்.

ஆனால் நடனக் கூடத்தில் அபாயச் சங்கு ஊதி விளக்குகள் அணைந்தன. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. இருட்டில் அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். சுருதி இம்மி விலகியதை டீச்சரின் காது பிடித்துவிட்டது. திருத்திப் பாடவைத்திருக்கலாம், எடுத்தவர்கள் அப்படியே விட்டிருந்தார்கள். அதுதான் நெஞ்சைப் பிசைந்தது. மெல்ல ஒரு வயலின் துணைக்கு வந்தது, அப்புறம் இன்னொன்று. விளக்கு எரிந்தபோது எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிப்பாய் மட்டும் குடையும் கையுமாக மரம் மாதிரி நின்றான்.

ஒரு நாற்காலி தள்ளி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கடைசியில் ரயிலடி. "போகாதே" என்று சொல்ல வாயெடுத்தவள், "குடையைத் தொலைச்சிடாதே" என்கிறாள். ரயில் கிளம்பிவிடுகிறது.

"சளி" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்தபடி.

"மருந்துக்கடையிலேயே சளிக்கு மருந்து இல்லையா? சரி, படம் தேறுமா?"

"நான் சொன்னது தப்பு டீச்சர். கண்டிப்பா எல்லாரும் பார்க்கணும். யுத்தம் எப்படி முடியும்னு படம் எடுத்தவங்களுக்கே அப்போ தெரியாது. தெரியாமலே இவ்வளவு சிரிச்சிருக்காங்க பாருங்க. ஆனா அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம். மனசுல இருந்ததைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா மட்டும்? பட்டாளத்துக்காரன், நிக்கவா போறான்?"

"அவனுக்கு மேலிடத்து உத்தரவு, போய்த்தான் ஆகணும்." அவர் வேறெங்கோ பார்த்தார். "எல்லாருக்குமா உத்தரவு வருது?"

டீச்சர் வெறும் திரையைக் காட்டினாள். "அந்த இருட்டுப் பாட்டை இன்னொரு தடவை போடுங்க."

போட்டுவிட்டு, விளக்கை அணைத்து, வழக்கம்போல் தன் இடத்துக்கு நடந்தார். டீச்சர் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அங்கே வேண்டாம். இங்கே உட்காருங்க."

உட்கார்ந்தார். திரையில் சங்கு ஊதியது, விளக்குகள் அணைந்தன. அந்தப் பெண் பாடத் தொடங்குவதற்குள் டீச்சர் முந்திக்கொண்டாள்.

"அக்கா ஊருக்குப் போகாதீங்க. என்கூட இங்கேயே இருங்க."