இரண்டாம் அங்கத்துக்குத் தாவியவர்

வெர்னன் ஹாடிக்ஸ் முப்பத்தாறு படங்களில் செத்தவர். சுடப்பட்டு, லாரி ஏறி, ஒரு படத்தில் பன்றிப் பட்டியில் விழுந்து. கதாநாயகன் கடைசியில் முத்தம் கொடுக்க வேண்டுமென்றால் நடுவில் யாராவது சாக வேண்டும். அந்த வேலைக்கு ஹாலிவுட் அவரைப் பன்னிரண்டு வருடம் வைத்திருந்தது. பிறகு, முகம் பழகிவிட்டது என்று அனுப்பிவிட்டது. பென்சில்வேனியாவில் நிலக்கரி வெட்டியவரின் மகன் அவர். நியூயார்க்குக்குத் திரும்பி வந்து, கிடைத்த நாடகத்தில் எல்லாம் நின்றார். எழுபத்தொரு வயதில்தான் முதல்முறையாக முக்கிய வேஷம் கிடைத்தது. மகள் வீட்டைவிட்டு ஓடிப்போகும் கிழட்டுச் சுரங்கத் தொழிலாளி.

அதே நாடகத்தில் பால் புட்டியோடு வந்துபோகும் பக்கத்து வீட்டுக்காரன் நான். பெயர் குபியாக். அதோடு வெர்னனுக்கு மாற்று ஆள். அவர் வராத நாளில் அவர் வேஷத்தை நான் கட்ட வேண்டும். பதினொரு மாதத்தில் அப்படி ஒரு நாள் வரவில்லை. காய்ச்சலோடு வந்தார். பல் பிடுங்கிய அன்றும் வந்தார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக நடிக்கிறேன். எனக்காக ஒருவரும் கை தட்டியதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு வசனம் நழுவ ஆரம்பித்தது. தொப்பிக்குள், செய்தித்தாள் மடிப்பில், காப்பிக் கோப்பையின் அடியில் எழுதி ஒட்டி வைத்தார். அதையும் மீறித் தடுமாறினால் நான் எடுத்துக் கொடுப்பேன். "மகளப் பத்தி ஏதோ சொல்ல வந்தியே" என்று என் வசனம் போலவே சொல்வேன். பிடித்துக்கொள்வார்.

புதன்கிழமை பகல் காட்சிக்கு முன்னால் மேடை நிர்வாகி டோரீன் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினாள்.

"நீ முட்டுக் குடுக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"அவருக்கு வயசாச்சு, டோரீன்."

"உனக்கு மட்டும் கொறையுதா? முதலாளிங்க இன்னிக்கு வந்து உக்காந்திருக்காங்க. அவரால நாடகம் நடுவுல நின்னுச்சுன்னா நாளையிலேருந்து அந்த வேஷம் உனக்குத்தான். அவருகிட்டயும் சொல்லிட்டேன். மூஞ்சிய அப்படி வெச்சுக்காதய்யா, இதுக்குத்தானே பதினொரு மாசமா ஜெபம் பண்ணுனே."

வெர்னன் ஒப்பனை அறையில் புருவத்துக்கு நரை பூசிக்கொண்டிருந்தார். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார்.

"வா பொடியா. இன்னிக்கும் எனக்கு மாரடைப்பு வரல, மன்னிச்சுக்க."

தினமும் சொல்வதுதான். "நாளைக்குப் பாக்கலாம் பெரியவரே" என்றேன்.

"நாளைக்கும் வராது. முப்பத்தாறு தடவ செத்தவன்டா நான். அதோட நெளிவு சுளிவெல்லாம் எனக்குத் தெரியும்." பூச்சைக் கீழே வைத்தார். "இதுவும் போச்சுன்னா அந்த அறைதான். ஒரு அடுப்பு, ஒரு கட்டில். அங்க உக்காந்து என்னத்தடா பண்றது?"

நாடகத்தில் நான் இரண்டு முறை "கதவச் சாத்து, குளிர் அடிக்குது" என்பேன். முதல் அங்கத்தில் அவர், "அவ இன்னும் கடையிலேருந்து வரல" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் அங்கத்தில், "இனிமே அவ வரமாட்டா." எழுதியவருக்கு அது அழகாகப் பட்டிருக்கும். நடிப்பவனுக்கு அது குழி.

அன்று முதல் அங்கத்தில் நான் கதவைச் சாத்தச் சொன்னேன்.

"இனிமே அவ வரமாட்டா" என்றார் வெர்னன்.

மகளாக நடிக்கும் பெண் இன்னும் மேடைக்கே வரவில்லை. ரொட்டிப் பையோடு திரை ஓரத்தில் விழித்துக்கொண்டு நின்றாள். நடுவில் இருந்த நாற்பது நிமிட நாடகம் ஒரே வாயில் போய்விட்டது.

அடுத்த வசனம் என்னுடையது. "குடிச்சிருக்கியா? கடைக்குத்தானே போயிருக்கா" என்று சொன்னால் போதும், திரும்பிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது.

வெர்னனுக்குத் தான் செய்தது தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. ஒஹாயோ இரும்பாலையில் பத்தொன்பது வயதில் வேலை செய்தபோது, கையுறை உருளையில் சிக்கிய ஒருவன், இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றவனை அப்படித்தான் பார்த்தான். அன்று சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றவன் நானில்லை.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

நான் தொப்பியைக் கழற்றினேன். தலை குனிந்து, திறந்திருந்த கதவு வழியாக வெளியே போனேன். இரண்டாம் அங்கத்தில் அந்த வசனத்துக்குப் பிறகு நான் செய்ய வேண்டியது அதுதான். என்மேல் யாரும் பிழை சொல்ல முடியாது.

மேடையில் அவர் தனியாக நின்றார். "அவ..." என்றார். மறுபடியும், "அவ..." டோரீன் திரையை இறக்கச் சொன்னாள். நான் பால் புட்டியை இன்னும் பிடித்திருந்தேன்.

மறுநாள் நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் வைக்க ஒரு துண்டுச் சீட்டு அச்சாகி வந்தது. இன்றைய காட்சியில் சுரங்கத் தொழிலாளியாக என்று என் பெயர் போட்டிருந்தது. வெர்னன் காலையிலேயே வந்து தன் சவரப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றார்கள்.

"காட்சிக்கு அரைமணி!" என்று டோரீன் நடையில் கத்திக்கொண்டு போனாள்.

மாற்று ஆளுக்குத் தனி உடுப்பு தைக்கக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. வெர்னனின் கோட்டைத்தான் போட்டுக்கொண்டேன். புகையிலை வாசம் போகவில்லை. இடது பையில் ஒரு அட்டை இருந்தது. மூக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும்படி பெரிய எழுத்து.

முதல் அங்கம், கதவு. மறந்தால் குபியாக்கைப் பார். அவன் எடுத்துக் கொடுப்பான்.

அட்டையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பையிலேயே திரும்ப வைத்தேன். 

புதிய பக்கத்து வீட்டுக்காரன் பால் புட்டியோடு வந்து கதவைச் சாத்தச் சொன்னான். என் வசனத்தைச் சொன்னேன். ஒரு எழுத்து பிசகவில்லை.