திரைக்கு அந்தப் பக்கம்

ரவிக்கையைக் கழற்ற மாட்டேன் என்று காளியம்மாள் பிடிவாதமாக இருந்தாள். தோளில் விழுந்த தடியடிக் காயம் சீழ் வைத்திருந்தது. கட்டிலை ஒட்டியிருந்த துணித் திரைக்குப் பின்னால் யாரோ புரண்டு படுக்கும் சத்தம்.

“அந்தப் பக்கம் யாருங்க, நர்ஸம்மா?”

“காது கேக்காத வயசான அம்மா. நீ கழட்டு” என்றேன்.

அங்கே படுத்திருந்தது மிராசுதாரின் காரியஸ்தர் பஞ்சநதம். அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறு வருஷம் அது. கூலி நெல் தகராறில் அடிபட்டவர்களால் ஆண்கள் வார்டு நிரம்பி வழிந்தது. அவர்களுக்கு நடுவில் இவரைப் போட முடியாது என்று பெரிய டாக்டர், காளியம்மாள் வருவதற்கு முன்பே, ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பெண்கள் வார்டு மூலையில் படுக்க வைத்துவிட்டார். சத்தம் காட்டாமல் இருங்கள் என்று அவரிடம் சொன்னது நான்தான். ஒரு கட்டுப் போட ஒரு பொய், அவ்வளவுதானே என்று நினைத்தேன். எனக்கு வாய்த்த புத்தி அப்படி.

அதன்பிறகு காளியம்மாள் தாராளமாகப் பேசினாள், அழுதாள். நாத்தனார் வேம்பு கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் அதே தகராறில் போலீஸ் தேடியதால் தலைமறைவாகியிருந்த புருஷன் தங்கையனைப் பற்றித்தான் பேச்சு. அவன் பூம்புகாரில் ஒரு மீன்காரர் வீட்டில் இருப்பது எனக்கே அப்படித்தான் தெரிந்தது. எனக்குக் கேட்டது திரைக்குப் பின்னாலும் கேட்டிருக்குமே என்று ஒரு நிமிஷம் உறைத்தது. தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் விடியுமுன், வார்டு தூங்கும்போதே மிராசுதாரின் கார் வந்து பஞ்சநதத்தை ஏற்றிப் போனது. நாலாம் நாள் தங்கையனைப் போலீஸ் பிடித்தது.

“நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நீதாண்டி சொல்லியிருக்க!” காளியம்மாள் வேம்புவைப் பார்த்துக் கத்தினாள்.

“எங்கண்ணன நானே காட்டிக் குடுப்பேனா அண்ணி?”

“போயிடு. என் மூஞ்சில முழிக்காத.”

வேம்பு அழுதுகொண்டே வாசல்வரை போய்விட்டாள். இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் நான் மனுஷியே இல்லை.

“அவ சொல்லல, காளியம்மா. அங்க படுத்திருந்தது காரியஸ்தரு. நாந்தான் பொய் சொன்னேன்.”

அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருக்கலாம். அவள் கட்டிலைவிட்டு இறங்கினாள். தள்ளாடியவளைத் தாங்கக் கை நீட்டினேன்.

“தொடாதீங்க.”

வேம்பு ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். ஆறாத புண்ணோடு இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள்.

வேலை நிற்காதே. அடுத்த கட்டில் அம்சத்திடம் மாத்திரையைக் கொடுத்தேன். ஆறு நாளாக, கொடுத்ததும் வாயில் போட்டுக்கொள்கிறவள். இன்று உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது என்ன மாத்திரைங்க?”

வார்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.